சமையலறை விதியும் பேஸ்பால் மைதானமும்: ரே கிராக் அணி வாங்கியபோது நடந்தது - ஒரு நிகழ்வு ஆய்வு

மெக்டொனால்ட்ஸ் என்ற பெயரை உலகமெங்கும் கொண்டுபோன ரே கிராக், 1974-ல் சான் டியேகோ பாட்ரேஸ் என்ற அமெரிக்க பேஸ்பால் அணியை விலைக்கு வாங்கினார். அடுத்த பத்து வருடங்களில் அந்த அணியில் அவர் எடுத்த முடிவுகளும் அவற்றின் விளைவுகளும்தான் இங்கே பொருள். ஒரு தொழிலில் பெரிய வெற்றி கண்டவர் இன்னொரு தொழிலுக்குள் நுழையும்போது, பழைய பழக்கங்களில் எது கைகொடுக்கிறது, எது காலை வாருகிறது என்று பார்க்க இதைவிடத் தெளிவான நிகழ்வு கிடைப்பது அரிது. உரிமையாளரைத் தவிர மற்றவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன். ஆட்டக்காரர், மேலாளர், கமிஷனர் என்று பொறுப்பைச் சொன்னாலே இங்கே போதும்.

பின்னணி

கிராக் 1902-ல் சிகாகோவை ஒட்டிய ஓக் பார்க்கில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே சிகாகோ கப்ஸ் அணியின் ரசிகர். இளமையில் பியானோ வாசித்தார், பிறகு காகிதக் கோப்பை விற்றார். அப்புறம் ஒரே நேரத்தில் ஐந்து மில்க் ஷேக் அடிக்கும் மல்டிமிக்சர் என்ற இயந்திரத்தை ஊர் ஊராகக் கொண்டுபோய் விற்றார். 1954-ல் கலிஃபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் ஒரே கடை எட்டு மல்டிமிக்சர் வாங்கியிருப்பதைக் கவனித்து, அப்படி என்னதான் வியாபாரம் என்று நேரில் பார்க்கப் போனார். மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவர் நடத்திய கடை அது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். உணவை நொடிக்கணக்கில் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தவர் கிராக் இல்லை. அது அந்தச் சகோதரர்களின் வேலை. 1948-லேயே அவர்கள் தங்கள் கடையை மூடி, பட்டியலை ஒன்பது பொருளாகச் சுருக்கி, டென்னிஸ் மைதானத் தரையில் சாக்பீஸால் சமையலறையின் வரைபடத்தைப் போட்டு, ஆட்களை அதில் நடக்கவிட்டு, எந்த அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். ஹாம்பர்கர் 15 சென்ட். கிராக் அந்த முறையை ஊருக்கு ஊர் பிசகாமல் நடத்திக் காட்டினார். அவருடைய திறமை அதில்தான்.

1955 ஏப்ரல் 15-ல் இல்லினாய்ஸின் டெஸ் பிளெய்ன்ஸில் தன் முதல் கடையைத் திறந்தார். பிரான்சைஸ், அதாவது நிறுவனத்தின் பெயரிலும் முறையிலும் சொந்தமாகக் கடை நடத்தும் உரிமை, எடுப்பவர் 950 டாலர் கட்ட வேண்டும், பிறகு விற்பனையில் 1.9 சதவீதம் தர வேண்டும். அதில் 0.5 சதவீதம் சகோதரர்களுக்குப் போகும். 1961-ல் 27 லட்சம் டாலர் கொடுத்து சகோதரர்களிடமிருந்து மொத்த உரிமையையும் வாங்கினார். 1965-ல் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது.

அவருடைய வேலைமுறையில் கவனித்தவை

டெஸ் பிளெய்ன்ஸ் கடையில் முதலில் வந்த சிக்கல் உருளைக்கிழங்கு வறுவல். சான் பெர்னார்டினோவில் மொறுமொறுப்பாக வந்தது இங்கே கொழகொழவென்று வந்தது. அதே கிழங்கு, அதே எண்ணெய், அதே செய்முறை. விசாரித்ததில் காரணம் தெரிந்தது: கலிஃபோர்னியாவில் கிழங்கைக் கம்பிவலைத் தொட்டியில் வெளியே போட்டு வைத்திருந்தார்கள். பாலைவனக் காற்று பட்டு அது தானாகவே ஈரம் வற்றிப் பதமாகிக்கொண்டிருந்தது. சகோதரர்களுக்கே அந்த ரகசியம் தெரியாது. கிராக் தன் கடையின் நிலவறையில் மின்விசிறி வைத்துக் கிழங்கைக் காயவிட்டார். பிரச்சினை தீர்ந்தது.

அவர் மனம் வேலை செய்யும் விதம் இதில் தெரிகிறது. விளைவு மாறினால் எங்கோ ஒரு படி பிசகியிருக்கிறது, அதைத் தேடிப் பிடித்துச் சரிசெய்தால் விளைவு திரும்ப வந்துவிடும். சுத்தத்திலும் இதே பிடிவாதம்தான். தரை துடைக்கும் துணியைப் பிழியும் வாளியின் துளைகளைக்கூட அவர் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் குடைந்து சுத்தம் செய்ததைப் பார்த்ததாக அவருடைய ஆரம்பகாலச் சகா ஒருவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு பக்கமும் இருந்தது. பிரான்சைஸ் எடுத்தவர்கள் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். மீன் சாண்ட்விச் சின்சினாட்டியில் கடை வைத்திருந்த ஒருவரின் யோசனை. கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை இறைச்சி சாப்பிட மாட்டார்கள், வியாபாரம் படுத்துவிடுகிறது என்றார் அவர். கிராக்கோ அன்னாசித் துண்டும் சீஸும் வைத்த ஹுலாபர்கர்தான் சரி என்று நின்றார். இரண்டையும் ஒரே நாளில் விற்றுப் பார்த்தார்கள், மீன் ஜெயித்தது, அன்னாசியைக் கைவிட்டார். இரட்டை அடுக்கு பர்கரான பிக் மேக் பிட்ஸ்பர்க்கில் கடை நடத்தியவரிடமிருந்து வந்தது. காலை உணவான எக் மக்மஃபின் சாண்டா பார்பராவிலிருந்து வந்தது.

ஆக, அவரிடம் இரண்டு வகை மனிதர்களுக்கு இரண்டு வகை அணுகுமுறை இருந்தது. கடையில் சொந்தக் காசைப் போட்டவர் கூட்டாளி. அவர் எதிர்த்துப் பேசலாம், விற்பனைக் கணக்கு அவர் பக்கம் நின்றால் கிராக் இறங்கி வருவார். கல்லாவிலும் அடுப்படியிலும் நிற்பவர் விதியைப் பின்பற்ற வேண்டியவர். அவர் போனால் அந்த இடத்தில் இன்னொருவர் வருவார், பர்கரின் ருசி மாறாது. மாறக் கூடாது என்பதற்காகத்தானே அத்தனை விதியும்.

அணியை வாங்கிய முடிவு

கிராக் வாங்க ஆசைப்பட்டது கப்ஸ் அணியைத்தான். அதன் உரிமையாளர் விற்க மறுத்துவிட்டார். பாட்ரேஸ் 1969-ல் தொடங்கப்பட்ட புதிய அணி, தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தது. அதன் அப்போதைய உரிமையாளர் நடத்திய வங்கி 1973 அக்டோபரில் திவாலானது. அணியை வாஷிங்டனுக்கு விற்கும் பேச்சு ஏறக்குறைய முடிந்த நிலைக்கு வந்து, ஆட்டக்காரர்களின் படம் போட்ட 1974-க்கான பேஸ்பால் அட்டைகளில் சிலவற்றில் ஊர்ப் பெயர் வாஷிங்டன் என்றே அச்சாகிவிட்டது.

அந்த நேரத்தில் கிராக் உள்ளே வந்தார். விலை 1 கோடியே 20 லட்சம் டாலர். வயது 71. பாட்ரேஸை வாங்கப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னபோது, அது என்ன மடாலயமா என்று அவர் கேட்டாராம். பாட்ரே என்றால் ஸ்பானிஷில் பாதிரியார், அந்த அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

லாபக் கணக்குப் போட்டு எடுத்த முடிவு இல்லை இது. ஆசைக்காக வாங்கினார், ஊர் அணியை இழக்காமல் காப்பாற்றினார். சான் டியேகோ மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். இந்த நன்றியுணர்வை மனதில் வைத்துக்கொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும்.

1974 ஏப்ரல் 9

அந்தப் பருவத்தின் முதல் மூன்று ஆட்டங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்தன. 8-0, 8-0, 9-2. மூன்றிலும் தோல்வி. பிறகு சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம், எதிரணி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 39,083 பேர் வந்திருந்தார்கள். ஆட்டம் தொடங்கும் முன் கிராக் கூட்டத்திடம் பேசினார், எழுந்து நின்று கைதட்டினார்கள்.

ஒன்பது இன்னிங்ஸ் கொண்ட ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் பாட்ரேஸ் மோசமாகப் பின்தங்கியிருந்தது. கிராக் அறிவிப்பாளர் அறைக்குப் போய் மைக்கைக் கையில் எடுத்தார். உங்களோடு சேர்ந்து நானும் வேதனைப்படுகிறேன் என்று ஆரம்பித்தார். அதே சமயம் ஒருவன் ஆடையில்லாமல் மைதானத்துக்குள் ஓடி வந்தான். அவனைப் பிடித்து வெளியே தள்ளுங்கள், ஜெயிலில் போடுங்கள் என்று கிராக் மைக்கிலேயே கத்தினார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நல்ல செய்தி, லாஸ் ஏஞ்சலிஸின் முதல் ஆட்டத்துக்கு வந்ததைவிட இங்கே கூட்டம் அதிகம். கெட்ட செய்தி, இவ்வளவு முட்டாள்தனமான ஆட்டத்தைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை.

கூட்டம் ஆர்ப்பரித்தது. மைதானத்தில் நின்ற இரண்டு அணியினரும் உறைந்துபோனார்கள். ஆட்டம் 9-5 என்ற கணக்கில் தோல்வியில் முடிந்தது.

இதை வெறும் கோபம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பது என் கருத்து. யாரைப் பார்த்துப் பேசினார் என்று கவனியுங்கள். டிக்கெட் வாங்கி வந்தவர்களைப் பார்த்துத்தான் பேசினார். கடையில் ஆறிப்போன வறுவலைக் கொடுத்தால் உரிமையாளர் வாடிக்கையாளர் பக்கம் நின்று பணியாளைக் கடிந்துகொள்வார், வாடிக்கையாளர் மனம் குளிரும். ஐம்பது வருட விற்பனை அனுபவம் அவருக்குச் சொல்லித்தந்தது அது. கூட்டத்தைப் பொறுத்தவரை அவர் கணித்தது நூற்றுக்கு நூறு சரி.

ஆட்டக்காரர்களைப் பொறுத்தவரை நிலைமை வேறு. மட்டையடிப்பவர் பத்து முறை வந்தால் ஏழு முறை ஆட்டமிழப்பார். அப்படி இருந்தால் அவர் சிறந்த ஆட்டக்காரர். தோல்வி அந்த வேலையின் பாதி. அங்கே எந்தப் படி பிசகியது என்று மின்விசிறி வைத்துச் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

உடனடி விளைவுகள்

ஹூஸ்டனின் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர் பத்திரிகைக்காரர்களிடம் சொன்னது நறுக்கென்று இருந்தது: அவர் ஏதோ விற்பனை மாநாட்டில், துரித உணவு சமையல்காரர்களிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். ஆட்டக்காரர் சங்கம் கண்டனம் தெரிவித்தது. பேஸ்பால் லீகை மேற்பார்வையிடும் கமிஷனர் அழுத்தம் கொடுக்க, கிராக் மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்போடு விட்டிருந்தால் கசப்பு தங்கியிருக்கும். அணி நிர்வாகம் எடுத்த அடுத்த முடிவு அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. ஹூஸ்டன் அணி மறுபடி சான் டியேகோ வந்தபோது அன்றைய ஆட்டத்தை "துரித உணவு சமையல்காரர் இரவு" என்று அறிவித்தார்கள். சமையல்காரர் தொப்பி போட்டு வந்தவர்களுக்கு அனுமதி இலவசம். அந்த மூன்றாம் பேஸ் ஆட்டக்காரரும் சளைக்கவில்லை. வெள்ளைத் தொப்பி, ஏப்ரன், கையில் வாணலியோடு மைதானத்துக்குள் வந்து, ஆட்டக்காரர் பட்டியல் அட்டையை வாணலியில் தோசை புரட்டுவதுபோல் புரட்டி நடுவரிடம் கொடுத்தார். மைதானமே சிரித்தது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 1973-ல் பாட்ரேஸ் 60 வெற்றி, 102 தோல்வி. 1974-லும் அதே 60 வெற்றி, 102 தோல்வி. ஆனால் பார்வையாளர் எண்ணிக்கை சுமார் 6 லட்சத்திலிருந்து 10 லட்சத்தைத் தாண்டியது, அந்த அணியின் வரலாற்றில் முதல்முறையாக. ஆட்டம் ஒரு இம்மியும் முன்னேறவில்லை, கூட்டம் முக்கால் பங்கு கூடிவிட்டது. கிராக்கின் பழைய திறமை எதில் செல்லுபடியானது, எதில் ஆகவில்லை என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை.

பணம் கொடுத்து ஆள் எடுத்த காலம்

1975 டிசம்பரில் ஒப்பந்தத் தகராறில் வந்த மத்தியஸ்தர் தீர்ப்பு ஒன்று தொழிலையே மாற்றியது. அதுவரை ஆட்டக்காரரை அணி வருடா வருடம் தன்னிடமே கட்டி வைத்திருக்க முடிந்தது. தீர்ப்புக்குப் பிறகு, ஒப்பந்தம் முடிந்தவர் தகுதிக் காலத்தைக் கடந்திருந்தால் பிடித்த அணிக்குப் போகலாம். பணக்கார உரிமையாளருக்கு இது வாய்ப்பு. கிராக் முதல் ஆளாகக் கடைக்குப் போனவர்களில் ஒருவர்.

1976 இறுதியில் ஓக்லாந்தின் சாம்பியன் அணியிலிருந்து பந்தை எறியும் ஒரு பிட்சரையும், மட்டையடிப்பவருக்குப் பின்னால் இருந்து அதைப் பிடிக்கும் ஒரு கேட்சரையும் எடுத்தார். அந்தப் பிட்சர் தன் பங்கைக் குறையில்லாமல் செய்தார். இருந்தும் 1977-ல் அணி 69 ஆட்டம்தான் வென்றது. அடுத்து, சிகாகோவில் அந்த வருடம் 31 ஹோம் ரன் (பந்தை வேலிக்கு வெளியே பறக்கவிடும் அடி) அடித்திருந்த ஒருவரை ஆறு வருடத்துக்கு, 28 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஒப்பந்தம் செய்தார்கள். 1978-ல் அவர் அடித்தது 7. சான் டியேகோ மைதானம் பெரியது, பந்து வேலியைத் தாண்டுவது கஷ்டம். ஒரே பருவம் முடிந்ததும் அவரை வேறு அணிக்கு அனுப்பிவிட்டார்கள்.

வறுவல் விஷயத்தில் இடம் மாறினால் பொருள் மாறும் என்பதை மோப்பம் பிடித்தவர் இந்த மனிதர். அதே கேள்வியை ஆட்டக்காரரை எடுக்கும்போது கேட்கவில்லையே என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

1978 மார்ச்சில், பருவம் தொடங்கும் முன்பே, களத்தில் ஆட்டத்தை வழிநடத்தும் மேலாளரை நீக்கினார்கள். ஒவ்வொரு அசைவையும் மேலாளர் தானே கட்டுப்படுத்தப் பார்க்கிறார் என்று ஆட்டக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். பிட்சிங் பயிற்சியாளர் பொறுப்பேற்றார். அந்த வருடம் 84 வெற்றி, 78 தோல்வி. தொடங்கியதிலிருந்து முதல்முறையாகத் தோல்வியைவிட வெற்றி அதிகம். பார்வையாளர் 16 லட்சத்தைத் தாண்டினார்கள். பிடியைத் தளர்த்தியதால் மட்டுமே இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வருடம் 39 வயதுப் பிட்சர் ஒருவர் லீகின் சிறந்த பிட்சருக்கான விருதையே வென்றார், இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கும் ஒரு புதிய ஷார்ட்ஸ்டாப் கண்ணை விரியவைத்தார். ஆனால் பிடியைத் தளர்த்தியதும் காரணங்களில் ஒன்று.

விலகல்

1979-ல் அணி மறுபடி சரிந்து 68 வெற்றியில் நின்றது. அந்த ஆகஸ்டில் கிராக் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, வேறு அணிகளின் ஒப்பந்தத்தில் இன்னும் இருந்த இரண்டு நட்சத்திர ஆட்டக்காரர்களின் பெயரைச் சொல்லி, அவர்களை எடுக்கத் தயார் என்றார். அடுத்த அணியின் ஆளுக்கு ஒப்பந்தம் முடியும் முன் ஆசை காட்டுவது விதிமீறல். கமிஷனர் 1 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்.

இங்கேயும் அதே பழக்கம்தான். கடைத் தொழிலில் நல்ல ஆள் எங்கே இருந்தாலும் கூப்பிடலாம், வெளிப்படையாகப் பேசலாம். ஆனால் ஒரு லீகில் போட்டியாளரே கூட்டாளியும்கூட. எதிரணி இல்லாவிட்டால் விற்க ஆட்டமே இல்லை. அதனால் போட்டிக்குக் கட்டுப்பாடு உண்டு, அதை நடத்த ஒரு கமிஷனர் உண்டு. தன் நிறுவனத்தில் விதி எழுதியே பழகியவருக்கு, வேறொருவர் எழுதிய விதிக்குக் கீழே இருப்பது பிடிக்கவில்லை. பேஸ்பாலைவிட ஹாம்பர்கருக்குத்தான் எதிர்காலம் அதிகம் என்று சொல்லிவிட்டு, அன்றாட நிர்வாகத்தைத் தன் மனைவியின் மருமகனிடம் ஒப்படைத்தார்.

அதன் பிறகு நடந்தவை சுருக்கமாக. 1980-ல் ஆட்டத்தை அறிந்த ஒருவர் அணிக்கு ஆள் சேர்க்கும் பொது மேலாளராக வந்தார். 1982-ல் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற புதிய மேலாளர் வந்தார். கிராக் 1984 ஜனவரி 14-ல் தன் 81-வது வயதில் காலமானார். அந்த வருடம் ஆட்டக்காரர்கள் சட்டைக் கையில் அவர் பெயரின் முதலெழுத்துகளைத் தைத்துக்கொண்டு ஆடி, அமெரிக்க பேஸ்பாலின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகின் பட்டத்தை முதல்முறையாக வென்றார்கள். அந்த லீகின் இறுதிச் சுற்றில் முதல் இரண்டு ஆட்டத்தைத் தோற்று, அடுத்த மூன்றையும் ஜெயித்தார்கள். எதிரணி, அவர் வாங்க ஆசைப்பட்ட அதே சிகாகோ கப்ஸ்.

இரண்டு லீகின் சாம்பியன்களும் மோதும் உலகத் தொடரில் டெட்ராய்ட் டைகர்ஸ் அவர்களை 4-1 என்று வென்றது. டைகர்ஸை அதற்கு முந்தைய வருடம் வாங்கியிருந்தவர் டாமினோஸ் பீட்சா நிறுவனர். 1992-ல் அதை அவரிடமிருந்து வாங்கியவர் லிட்டில் சீசர்ஸ் பீட்சா நிறுவனர். இரண்டாமவர் இளமையில் டைகர்ஸின் கீழ்நிலை அணிகளில் தானே ஆடியவர். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அவர் காலத்தில்தான், 2003-ல், அந்த அணி 119 ஆட்டம் தோற்றது. மூன்றே வருடத்தில் அமெரிக்கன் லீக் பட்டத்தையும் வென்றது.

கிராக்கின் மனைவி அணியை சான் டியேகோ நகருக்கே தானமாகக் கொடுக்க முன்வந்தார். லீக் சம்மதிக்கவில்லை. 1990-ல் 7 கோடியே 50 லட்சம் டாலருக்கு விற்றார். பதினாறு வருடத்தில் ஆறு மடங்குக்கு மேல். ஆசைக்காக வாங்கியது கடைசியில் நல்ல முதலீடாகவும் ஆனது, அதில் அவருடைய திறமைக்கு எவ்வளவு பங்கு, தொலைக்காட்சிப் பணத்துக்கு எவ்வளவு பங்கு என்பது தனி விவாதம்.

எதை மாற்றியிருக்கலாம்

மைக்கைத் தொட்டிருக்கக் கூடாது என்று சொல்வது சுலபம். நான் அதை முதலில் வைக்க மாட்டேன். அந்த இரவு ஊரை அணியோடு பிணைத்தது. ஆட்டம் முடிந்த பிறகு, ஆட்டக்காரர் அறைக்கு அவரே போயிருக்க வேண்டும் என்பதே என் குறை. கமிஷனர் சொல்லி வந்த மன்னிப்புக்கும் தானாகப் போய்ச் சொன்ன மன்னிப்புக்கும் வித்தியாசம் உண்டு.

இரண்டாவது, ஆட்டக்காரர்களை அவர் அடுப்படிப் பட்டியலில் வைத்தார். பிரான்சைஸ் எடுத்தவர்கள் பட்டியலில் வைத்திருக்க வேண்டும். மீன் சாண்ட்விச் கொண்டுவந்தவரிடம் காட்டிய பொறுமையை, தங்கள் மைதானத்தில் எந்த வகை ஆட்டம் எடுபடும் என்று அறிந்த பழைய ஆட்டக்காரர்களிடம் காட்டியிருந்தால், 31 ஹோம் ரன் அடித்தவருக்கு ஆறு வருட ஒப்பந்தம் போட்டிருக்க மாட்டார்கள். வேகமும் பந்து பிடிக்கும் திறனும் உள்ளவர்களைத் தேடியிருப்பார்கள்.

மூன்றாவது, பொறுப்பைப் பிரிப்பதில் தாமதம். டிக்கெட் விற்பனை, மைதானச் சுத்தம், ரசிகர்களோடு பேச்சு, இவற்றில் அவருக்கு நிகர் அந்த லீகில் யாரும் இல்லை. ஆள் எடுப்பதையும் நீக்குவதையும் 1974-லேயே ஒரு பேஸ்பால்காரரிடம் விட்டு, மீதியைத் தான் வைத்துக்கொண்டிருக்கலாம். மெக்டொனால்ட்ஸில் அதைச் செய்தவர்தான் அவர்: நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து பிரான்சைஸ்காரர்களுக்கு விடும் யோசனையை நிதிப்பொறுப்பிலிருந்தவர் சொன்னபோது, அதை அவரிடமே விட்டுவிட்டார், நிறுவனம் நிமிர்ந்ததே அந்த வாடகையில்தான்.